இரண்டு பட்டியலில் ஒரே நர்சு!

இரவு 2 மணி.

அமெரிக்காவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே தீவிர சிகிச்சை வார்டு. கட்டிலில் ஒருவர் நினைவு இல்லாமல் கிடக்கிறார். அவருக்குப் பதிலாக ஓர் எந்திரம் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறது.

பக்கத்தில் ஒரு நர்சு நிற்கிறார். இரவு முழுவதும் அவர் உட்காரவில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறதா, ரத்த அழுத்தம் குறைகிறதா, உடம்பு நீலம் பாய்கிறதா என்று பார்த்தபடியே இருக்கிறார்.

பொழுது விடிந்ததும் இந்த நர்சு வீட்டுக்குப் போவார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார். பிறகு தூங்குவார்.

ஆனால் அவர் வீட்டு அலமாரியில் இன்னொரு உடுப்பு தொங்குகிறது. அது வெள்ளை உடுப்பு அல்ல. பட்டாளத்து உடுப்பு!

ஆம். அவர் நர்சு மட்டும் அல்ல. ராணுவ அதிகாரியும் கூட. லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று அவருக்குப் பதவி உண்டு. சர்க்கார் கூப்பிட்டால், ஆஸ்பத்திரியை விட்டு, வீட்டை விட்டு, யுத்தம் நடக்கும் இடத்துக்கு அவர் புறப்பட்டு ஆக வேண்டும்.

இவரைத்தான் "ரிசர்வ் நர்சு" என்கிறார்கள்.

இப்படிப்பட்ட நர்சு ஒரு நாட்டுக்குத் தேவையா? தேவைதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் பெயர் ஒரே நேரத்தில் இரண்டு பட்டியலில் இருக்கிறதே, அது சரிதானா? அதைத்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

ரிசர்வ் படை என்றால் என்ன?

முழு நேர ராணுவத்தில் இருப்பவருக்கு அதுவே வேலை. அதுவே சம்பளம். முகாமே வீடு.

ரிசர்வ் படை அப்படி அல்ல. அதில் இருப்பவர் மற்ற நாட்களில் தம் சொந்த வேலையைப் பார்ப்பார். நாட்டுக்கு அவசரம் வந்தால் மட்டும் படைக்கு வருவார்.

நம் நாட்டிலும் இதுபோல ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பிரதேச ராணுவம். 1949-ம் ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி அதைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? அப்போது கவர்னர்-ஜெனரலாக இருந்த நம் ராஜாஜிதான். கிரிக்கெட் வீரர் டோனிக்கு 2011-ல் கவுரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்ததும் இந்தப் பிரதேச ராணுவத்தில்தான்.

அமெரிக்காவில் ரிசர்வ் படையின் பிறப்பே மருத்துவத்தில்தான் நடந்தது. 1908-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி அங்கே ஒரு சட்டம் வந்தது. யுத்தம் வந்தால் டாக்டர்களுக்கு எங்கே போவது என்று யோசித்து, ஊரில் வைத்தியம் பார்க்கும் டாக்டர்களை முன்கூட்டியே பட்டியலில் எழுதி வைத்தார்கள். அந்தப் பட்டியல்தான் வளர்ந்து இன்றைய ராணுவ ரிசர்வ் ஆயிற்று.

இன்று அமெரிக்க ராணுவத்தின் வைத்திய வேலையில் பெரும் பங்கு ரிசர்வ் படையினர் கையில் இருக்கிறது.

மாதம் 2 நாள், வருடம் 2 வாரம்

ரிசர்வ் நர்சு ஆவதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். நர்சு வேலை பார்க்க லைசென்சு வேண்டும். உடல் தகுதி வேண்டும்.

சேர்ந்த பிறகு மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு பயிற்சிக்குப் போக வேண்டும். வருடத்தில் 2 வாரம் முகாமுக்குப் போக வேண்டும். இது பொதுவான கணக்கு. அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் வார நாட்களில் இரவும் பகலும் உழைத்தவருக்கு, மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு போய்விடுகிறது. பிள்ளையின் பிறந்தநாள் அன்று வரும். தங்கையின் கல்யாணம் அன்று வரும். பயிற்சி காத்திருக்காது.

இன்னொன்றையும் கேளுங்கள். கணவன் துணை இல்லாமல் பிள்ளையை வளர்க்கும் தாய் படையில் இருந்தால், அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். "எனக்கு உத்தரவு வந்தால் என் பிள்ளையை இன்னார் பார்த்துக்கொள்வார்" என்று எழுத வேண்டும். கணவன், மனைவி இருவரும் படையில் இருந்தாலும் அப்படித்தான்.

எழுதிக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் எந்தத் தாய்க்கு அந்த ஒரு நிமிடத்தில் கை நடுங்காமல் இருக்கும்?

பறக்கும் ஆஸ்பத்திரி

சரி, கூப்பிட்டுப் போனால் அங்கே என்ன வேலை?

ஒரு வேலையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். அமெரிக்க விமானப் படையில் தீவிர சிகிச்சை விமானக் குழு என்று ஒன்று உண்டு. 1990-க்குப் பிறகு உருவானது. இந்தக் குழுக்களில் முழு நேரப் படையினரும் உண்டு. ரிசர்வ் படையினரும் உண்டு.

ஒரு குழுவில் 3 பேர். ஒருவர் டாக்டர். ஒருவர் தீவிர சிகிச்சை நர்சு. மூன்றாமவர் மூச்சுக் கருவியைக் கவனிக்கிறவர்.

போரில் படுகாயம் அடைந்தவரை, மயக்கம் தெளியாத நிலையிலேயே, மூச்சுக் கருவியோடு விமானத்தில் ஏற்றுவார்கள். ஈராக்கில் இருந்தும் ஆப்கானிஸ்தானில் இருந்தும் இப்படி ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றி, ஜெர்மனியில் லாண்ட்ஸ்டூல் என்ற ஊரில் உள்ள ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்கு இன்னொரு விமானம்.

மூச்சுக் கருவி வைத்த நோயாளிகள் 3 பேர் வரை ஒரு குழு கவனிக்கும். நர்சு ஒருவர்தான்! கலிபோர்னியா மாநிலத்தில் தரையில் உள்ள ஆஸ்பத்திரியில் என்ன சட்டம் தெரியுமா? தீவிர சிகிச்சையில் ஒரு நர்சுக்கு 2 நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது. வானத்தில் அந்தச் சலுகை கிடையாது.

அது பயணிகள் விமானம் அல்ல. சரக்கு விமானம். எஞ்சின் இரைச்சலில் காதை மூடிக்கொள்ள வேண்டும். டாக்டர்கள் நெஞ்சில் வைத்துக் கேட்பார்களே ஸ்டெதாஸ்கோப், அது அங்கே பயன்படாது. நோயாளி முனகினாலும் கேட்காது. வெளிச்சம் குறைவு. குளிர் அதிகம். விமானம் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. விமானத்துக்குள் காற்றின் அழுத்தம் தரையில் உள்ளது போல இராது. ஏறக்குறைய 8 ஆயிரம் அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும். நம் ஊட்டி தொட்டபெட்டா சிகரம் 8,650 அடி. அங்கே ஏறி நின்றால் நல்ல உடம்புக்காரருக்கே மூச்சு வாங்கும். நுரையீரல் கிழிந்து கிடப்பவருக்கு எப்படி இருக்கும்?

ஊட்டி மலைப் பாதையில் பஸ் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். உயரம் ஏற ஏற, அடைபட்ட காற்று விரியும். காயம்பட்டவர் நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று தங்கியிருந்தால் அதுவும் விரியும். இதயத்தை நெருக்கும். தொண்டைக் குழாய் நழுவாமல் இருக்க ஒரு சிறு பலூன் வைத்திருப்பார்கள். அதுவும் உப்பித் தொண்டையைப் புண்ணாக்கும்.

இதை எல்லாம் முன்கூட்டியே தெரிந்து, விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது யார்? அந்த நர்சுதான்.

பலன் என்ன?

வியட்நாம் யுத்தத்தில் காயம்பட்டவர் அமெரிக்கா போய்ச் சேர ஏறக்குறைய 45 நாள் ஆயிற்று. ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களில் அது 3 நாள் அளவுக்குக் குறைந்தது.

அதுல் கவாண்டே என்று ஒரு டாக்டர். இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். அமெரிக்காவில் பெயர் பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர். அவர் 2004-ல் ஒரு கணக்கை எடுத்துக் காட்டினார். இரண்டாம் உலக யுத்தத்தில் காயம்பட்ட அமெரிக்கப் படையினர் 100 பேரில் 30 பேர் மாண்டார்கள். வியட்நாமில் 24 பேர். ஈராக், ஆப்கானிஸ்தானில் 10 பேர்.

இதற்கு மார்புக் கவசம் ஒரு காரணம். காயம்பட்ட இடத்துக்கு அருகிலேயே செய்த அறுவை சிகிச்சை ஒரு காரணம். ரத்தத்தை நிறுத்தும் கட்டு ஒரு காரணம். அத்தனையும் உண்மை. ஆனாலும் அறுத்துத் தைத்த பிறகு, பறக்கும் விமானத்தில் பல மணி நேரம் உயிரைப் பிடித்து வைத்த கைகளை மறக்க முடியுமா?

ஊர் ஆஸ்பத்திரிதான் பள்ளிக்கூடம்

"அப்படியானால் முழு நேர நர்சுகளையே வைத்துக்கொள்ளலாமே! ஊரில் வேலை செய்கிறவரை ஏன் இழுக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். பதிலைக் கேளுங்கள்.

சமாதான காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரிக்கு யார் வருவார்கள்? பெரும்பாலும் இளம் வயதுப் படையினர், அவர்கள் குடும்பத்தார். கால் சுளுக்கு, காய்ச்சல், பிரசவம். படுகாயம் குறைவு. 5 வருடம் படுகாயத்தையே பார்க்காத நர்சு, ஆறாவது வருடம் யுத்தத்துக்குப் போனால் கை பழகியிருக்குமா? ஒவ்வொரு யுத்தத்திலும் கற்ற பாடம், அடுத்த யுத்தத்துக்குள் மறந்து போகிறது என்று ராணுவ டாக்டர்களே வருத்தத்தோடு சொல்கிறார்கள்.

ஆனால் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில்? கார் மோதி வருகிறார்கள். துப்பாக்கிக் குண்டு பட்டு வருகிறார்கள். மாரடைப்பு வருகிறது. தீக்காயம் வருகிறது. அங்கே இருக்கும் நர்சுக்கு ஒவ்வொரு இரவும் பயிற்சிதான்.

ராணுவமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரில் புரூக் ராணுவ மருத்துவ மையம் இருக்கிறது. அங்கே விபத்தில் அடிபட்ட பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஓஹையோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் விமானக் குழுவினருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நீச்சல் கற்க வேண்டுமானால் குளத்தில்தானே இறங்க வேண்டும்?

ஆகவே, ரிசர்வ் நர்சு இரண்டாந்தர நர்சு அல்ல. ஊரில் பழகிய கையைப் போர்முனைக்குக் கொண்டு போகிறவர்.

ஆனால் இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி அவருக்குப் பள்ளிக்கூடமோ, அந்த ஆஸ்பத்திரியின் நோயாளிகளும் அவரை நம்பித்தான் படுத்திருக்கிறார்கள்!

2020 கற்றுக் கொடுத்த பாடம்

யுத்தம் தூர தேசத்தில் நடக்கும் வரை இந்தச் சிக்கல் வெளியே தெரியவில்லை. 2020-ல் கொரோனா வந்தது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் எல்லாரும் கேட்டார்கள்: "ராணுவ நர்சுகளும் டாக்டர்களும் எங்கே? ரிசர்வ் படையைக் கூப்பிடுங்கள்!"

அப்போது பாதுகாப்பு மந்திரியாக இருந்த மார்க் எஸ்பர் ஓர் உண்மையைச் சொன்னார். ரிசர்வ் படையில் இருக்கும் வைத்தியர்களைக் கூப்பிட்டால், ஊர் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்துகொண்டிருப்பவர்களைத்தான் பிடுங்கி வர வேண்டியிருக்கும் என்பதே அது.

யோசித்துப் பாருங்கள். ஓர் ஊர் ஆஸ்பத்திரி தன் பட்டியலில் "நம்மிடம் 20 நர்சு இருக்கிறார்கள்" என்று எழுதி வைத்திருக்கிறது. ராணுவம் தன் பட்டியலில் அதே 20 பேரில் 3 பேரை எழுதி வைத்திருக்கிறது. இரண்டு பட்டியலையும் கூட்டினால் 23 வருகிறது. ஆனால் கட்டிலருகே நிற்பதற்கு 20 பேர்தானே!

ஒரே பானைச் சோற்றை இரண்டு பந்திக்குக் கணக்குக் காட்டினால், ஒரு பந்தி பசியோடுதான் எழுந்திருக்கும்.

நல்ல வேளையாக அப்போது கொஞ்சம் யோசித்துச் செய்தார்கள். ராணுவ ரிசர்வில் இருந்து 85 பேர் கொண்ட மருத்துவக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். தங்கள் ஊரில் கொரோனா நோயாளிகளைக் காப்பாற்றிக்கொண்டு இருப்பவர்களைக் கூடிய வரை இழுக்காமல் ஆட்களைத் தேட முயன்றார்கள். 2020 ஏப்ரலில் அந்தக் குழுக்கள் நியூயார்க், நியூஜெர்சி முதலிய இடங்களுக்குப் போயின. சொந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில், சொந்த நாட்டு மக்களுக்கு, ராணுவ உடுப்போடு வந்து சிகிச்சை செய்தார்கள்.

பாராட்ட வேண்டியதுதான். ஆனால் தீப்பிடித்த பிறகு கிணறு எங்கே என்று தேடலாமா? யார், எங்கே, என்ன வேலை செய்கிறார் என்ற கணக்கு முன்கூட்டியே அல்லவா கையில் இருக்க வேண்டும்?

பொய்க் கணக்கு செய்த கொடுமை

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவில் ராணுவ நர்சுப் படை 1901-ல் ஏற்பட்டது. 1909-ல் ஜேன் டெலானோ என்ற அம்மையார் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் நர்சுகளின் பெயர்களைத் திரட்டத் தொடங்கினார். யுத்தம் வந்தால் வருகிறோம் என்று முன்கூட்டியே பெயர் கொடுத்த நர்சுகள் அவர்கள். 1917-ல் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கியபோது ஏறக்குறைய 8 ஆயிரம் பேர் அந்தப் பட்டியலில் தயாராக இருந்தார்கள். டெலானோ 1919-ல் பிரான்ஸ் நாட்டில் பணியில் இருக்கும்போதே காலமானார்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. நர்சு பற்றாக்குறை! 1945 ஜனவரி 6-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட், நர்சுகளைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். பெண்களைக் கட்டாயமாகப் படையில் சேர்ப்பதா என்று நாடே பரபரப்பு அடைந்தது. மக்கள் சபையில் மசோதாவும் நிறைவேறியது.

ஆனால் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள்! "நர்சு இல்லை, நர்சு இல்லை" என்று சர்க்கார் கூவிய அதே நேரத்தில், பல நூறு நர்சுகள் "எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வாசலில் நின்றார்கள். அவர்களைச் சேர்க்கவில்லை. ஏன்? அவர்கள் கறுப்பு இனத்தவர்!

1941-ல் கறுப்பு நர்சுகளில் 56 பேருக்கு மட்டுமே ராணுவத்தில் இடம் என்று வரம்பு கட்டினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாலும், வரம்பு வரம்பாகவே இருந்தது.

மேபல் ஸ்டாப்பர்ஸ் என்ற கறுப்பு நர்சுத் தலைவி இதை விடவில்லை. 1944 நவம்பரில் ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டை நேரில் பார்த்து முறையிட்டார். 1945 ஜனவரியில் கட்டாயச் சேர்ப்புப் பேச்சு எழுந்ததும், "வருகிறேன் என்பவரை விரட்டிவிட்டு, வரமாட்டேன் என்பவரை இழுப்பதா?" என்ற கேள்வி நாடெங்கும் கிளம்பியது. அந்த மாதமே ராணுவம் வரம்பை நீக்கியது.

மே மாதம் ஜெர்மனி சரண் அடைந்தது. கட்டாயச் சேர்ப்பு மசோதா கைவிடப்பட்டது.

இதில் இருந்து தெரிவது என்ன? நர்சு போதவில்லை என்று சொல்லும்போது, முதலில் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருப்பவரை இல்லை என்று காட்டுவதும் பொய்க் கணக்கு. ஒருவரை இருவர் என்று காட்டுவதும் பொய்க் கணக்கு.

25 வயது ஷரோன்

உயிரைக் கொடுத்தவரையும் நினைக்க வேண்டும்.

1968-ல் வட கரோலினா மாநிலத்து ரிசர்வ் ஆஸ்பத்திரிப் படை ஒன்றை வியட்நாமுக்குக் கூப்பிட்டார்கள். அதன் பெயர் 312-வது ஆஸ்பத்திரி. சூலாய் என்ற இடத்தில் அது வேலை செய்தது.

அந்த ஆஸ்பத்திரிக்கு 1969-ல் ஷரோன் லேன் என்ற இளம் நர்சு வந்து சேர்ந்தார். ஓஹையோ மாநிலத்துப் பெண். வியட்நாமிய நோயாளிகள் இருந்த வார்டில் அவருக்கு வேலை. தன் நாட்டுக்காரரா, அயல் நாட்டுக்காரரா என்று அவர் பார்க்கவில்லை. நோயாளி என்று மட்டும் பார்த்தார்.

1969 ஜூன் 8-ந் தேதி விடியற்காலை அந்த ஆஸ்பத்திரி மீது ராக்கெட் விழுந்தது. வார்டில் வேலையில் இருந்த ஷரோன் அங்கேயே மாண்டார். வயது 25.

வியட்நாமில் உயிர் இழந்த அமெரிக்கப் படைப் பெண்கள் 8 பேர். எட்டுப் பேரும் நர்சுகள். எதிரியின் தாக்குதலில் நேராக மாண்டவர் ஷரோன் ஒருவரே. வாஷிங்டனில் உள்ள நினைவுச் சுவரில் அந்த எட்டுப் பெயர்களும் இருக்கின்றன. பெண்களுக்கென்று தனி நினைவுச் சின்னமும் 1993-ல் அங்கே திறந்து வைக்கப்பட்டது.

மாண்ட பிறகு கல்லில் பெயர் பொறிக்கிறோம். நல்லது. உயிரோடு திரும்பி வருகிறவருக்கு என்ன செய்கிறோம்?

திரும்பி வந்த பிறகு

சட்டம் ஒன்று இருக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் வந்தது. படைக்குப் போய்த் திரும்பியவருக்கு அவருடைய பழைய வேலையைக் கொடுத்தே ஆக வேண்டும். போகாமல் இருந்திருந்தால் என்ன பதவி, என்ன சம்பளம் கிடைத்திருக்குமோ அதையே கொடுக்க வேண்டும். பொதுவாக மொத்தம் 5 வருடப் படைச் சேவை வரை இந்தப் பாதுகாப்பு உண்டு.

நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கும். தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்குமா?

முழு நேரப் படையினர் யுத்தம் முடிந்ததும் முகாமுக்குத் திரும்புகிறார்கள். அங்கே பக்கத்து வீட்டுக்காரரும் யுத்தத்தைப் பார்த்தவர்தான். பேசினால் புரியும்.

ரிசர்வ் நர்சு எங்கே திரும்புகிறார்? தன் ஊருக்கு. தெருவில் எல்லாம் பழையபடி இருக்கிறது. கடைக்காரர் "என்ன, ரொம்ப நாளாகக் காணோம்?" என்று கேட்கிறார். என்ன சொல்வது? விமானத்தில் கண்ணெதிரே போன உயிரைப் பற்றிச் சொல்வதா? அவருக்குப் புரிந்தவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

மறுபடியும் இரவு வேலை. மறுபடியும் அதே எந்திரத்தின் ஒலி. தோட்டக்காரர் யுத்தத்துக்குப் போய்த் திரும்பினால் செடிகளுக்கு நடுவே மனம் ஆறும். நர்சு எந்தக் காட்சியை விட்டுத் திரும்பினாரோ, அதே காட்சிதான் அவருக்கு இங்கேயும் காத்திருக்கிறது.

"அவராகத்தானே சேர்ந்தார்?"

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே. அவராகத்தானே கையெழுத்துப் போட்டார்? சம்பளமும் வாங்குகிறாரே" என்று சொல்பவர்கள் உண்டு.

உண்மை. அவராகத்தான் சேர்ந்தார். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளி கையெழுத்துப் போட்டாரா? அவர் இல்லாதபோது இரண்டு மடங்கு வேலை செய்யும் சக நர்சு கையெழுத்துப் போட்டாரா? பாட்டி வீட்டில் தூங்கும் பிள்ளை கையெழுத்துப் போட்டதா?

தீவிர சிகிச்சை நர்சு போனால், வெளியே இருந்து ஒருவரைக் கூப்பிட்டு உடனே நிறுத்த முடியாது. புதிதாக வருகிறவருக்கு அந்த வேலை பழகவே பல மாதம் ஆகும்.

"அப்படியானால் ரிசர்வ் நர்சே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?" என்றால், அதுவும் தவறு. காயம்பட்டவன் எந்தக் கட்சியோ, எந்த யுத்தமோ, அந்த நேரத்தில் அவன் ஒரு தாய் பெற்ற பிள்ளை. அவனுக்குப் பழகிய கை வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

மூன்று காரியம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று: ஒரு நர்சை ஒரு தடவைதான் எண்ண வேண்டும். ராணுவமும் ஆஸ்பத்திரிகளும் தங்கள் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே வார்டில் இருந்து பலரை ஒரே நாளில் கூப்பிடக் கூடாது. கொள்ளை நோய்க் காலத்தில், ஊரில் நோயாளியைக் காப்பவர் அங்கேயே இருப்பதும் நாட்டுச் சேவைதான் என்று ஏற்க வேண்டும்.

இரண்டு: நர்சை அனுப்பிவிட்டு நிற்கும் சிறிய ஆஸ்பத்திரிக்கு, மாற்று நர்சு வைக்கும் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும். யுத்தத்தின் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது.

மூன்று: திரும்பி வந்த நர்சை மறுநாளே இரவு வேலையில் நிறுத்தக் கூடாது. சம்பளத்தோடு ஓய்வு கொடுக்க வேண்டும். அவரைப் போலப் போய் வந்த இன்னொரு நர்சோடு பேச வழி செய்ய வேண்டும். பிள்ளைகளோடு இருக்க நாள் கொடுக்க வேண்டும்.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். கணக்கில் நாணயமும் மனத்தில் ஈரமும் இருந்தால் போதும்.

நமக்கு என்ன?

"அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம்.

நம் வீட்டிலும் ஒருவர் என்றாவது ஒருநாள் தீவிர சிகிச்சை வார்டில் படுத்திருப்பார். நாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து, "சிஸ்டர், எப்படி இருக்கிறார்?" என்று கேட்போம்.

அந்த சிஸ்டருக்கும் ஒரு வீடு இருக்கிறது. வெள்ளம் வந்தால் கூப்பிடுகிறார்கள். கொள்ளை நோய் வந்தால் கூப்பிடுகிறார்கள். யுத்தம் வந்தாலும் கூப்பிடுவார்கள். எந்த நாட்டிலும், எல்லாரும் கூப்பிடுவது அதே ஒருவரைத்தான்.

அவருக்கு இருப்பது இரண்டு கைகள். அந்தக் கைகளை எத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம் என்று, கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.